கண்ணாடி இறங்கலன்னா உடனே மோட்டார் போச்சா?

பழைய கார் வச்சிருக்கவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. புது வண்டிக்காரங்க தாராளமா தாண்டிப் போயிடலாம்.

பவர் விண்டோ வேலை செய்யலன்னு எந்தப் பட்டறைக்குப் போனாலும் டோர் பேட, அதான் கதவோட உள்பக்க மூடிய, கூட கழட்டிப் பாக்காம ஒரே பதில்தான் வருது, "மோட்டார் போச்சு சார், ரெகுலேட்டரோட செட்டா மாத்திடலாம்". ரெகுலேட்டர்னா கதவுக்குள்ள கேபிள் வச்சு கண்ணாடிய ஏத்தி இறக்குற அமைப்பு. என்னோடது 2006 மாடல் வண்டி, கம்பெனி பேரு எதுக்கு, அந்த வயசுக்கு எல்லா வண்டியும் ஒண்ணுதான். டிரைவர் பக்கக் கண்ணாடி சில நாள் சமத்தா ஏறி இறங்கும், சில நாள் பாதியில நின்னு மானத்த வாங்கும். இதுக்கும் செட்டுதான் மாத்தணும்னு சொன்னாங்க, லேபரோட சேத்து நாலாயிரத்துக்கு மேல. நல்லவேளையா எங்க ஏரியாவுல ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் இருக்காரு. அவர் கதவ முழுசா சாத்திட்டு ஒருதடவை சுவிட்ச அமுக்கினாரு, ஓடல. பாதி திறந்து வச்சுட்டு அமுக்கினாரு, ஓடிச்சு. "மோட்டார் நல்லாத்தான் தம்பி இருக்கு, ஒயரு உள்ள அறுந்திருக்கு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு!

கதவுக்கும் பாடிக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா ஒரு கருப்பு ரப்பர் குழாய் இருக்கும்ல, கதவுக்குப் போற ஒயர் எல்லாம் அதுக்குள்ளதான் போகுது. கதவத் தொறக்க தொறக்க ஒயர் மடங்கி மடங்கி உள்ள இருக்க செம்பு ஒண்ணொண்ணா அறுந்துடும், மேல இன்சுலேஷன் முழுசா இருக்கறதால வெளிய ஒண்ணுமே தெரியாது. டிரைவர் கதவுதான் அதிகமா திறந்து மூடுறது, அதனால அங்கதான் இது முதல்ல வரும். சும்மா முறுக்கி டேப் சுத்தினா கொஞ்ச நாள்ல திரும்ப அதே கதைதான். மடிப்பு வர்ற இடத்துல ஜாயிண்ட்டே வரக்கூடாது, நல்லா வளையுற புது ஒயர் துண்டு போட்டு ரெண்டு பக்கமும் தள்ளி ஜாயிண்ட் போடணும். ஜாயிண்ட்டுல சால்டர் (ஈயம்) வச்ச இடம் விறைப்பா நிக்கும், மடிப்புல இருந்தா அங்கயே மறுபடி ஒடியும். அண்ணன் அப்படித்தான் போட்டாரு.

சரி, மோட்டார் போகவே போகாதான்னா போகும். ஆனா அது கடைசியா சந்தேகப்பட வேண்டிய ஆளு. உள்ள இருக்கறது சாதாரண 12 வோல்ட் டிசி மோட்டார், கரண்ட் ஒரு பக்கமா போனா ஏத்தும், பிளஸ் மைனஸ மாத்தினா இறக்கும், இதத்தான் சுவிட்ச் செய்யுது. அதோட மோட்டாருக்குள்ளயே சூடானா தானா நிக்கிற ஏற்பாடு நெறைய வண்டியில இருக்கு. கண்ணாடி ஓடுற சேனல் ரப்பர் நம்ம ஊரு வெயில்ல காஞ்சு, தூசி அடைஞ்சு, கண்ணாடியப் புடிச்சுக்கும்போது மோட்டார் திணறி சூடாகி நின்னுடும், கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். இதப் பாத்துட்டு மோட்டார் வீக்காயிடுச்சுன்னு கழட்டிப் போடுறாங்க. புது மோட்டாரும் அதே காஞ்ச ரப்பரோடதான் மல்லுக்கட்டணும். ரப்பர துணியால தொடச்சுட்டு சிலிகான் ஸ்ப்ரே அடிச்சுப் பாருங்க முதல்ல. கிரீஸ், இன்ஜின் ஆயில் எல்லாம் தடவாதீங்க, ரப்பர் ஊதிப் போகும், தூசி இன்னும் ஒட்டும்.

வீட்லயே பாக்கலாம், ராத்திரி உள்ள லைட்டப் போட்டுட்டு இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன்ல வச்சுட்டு சுவிட்ச அமுக்குங்க. லைட் லேசா மங்குச்சுன்னா மோட்டாருக்கு கரண்ட் போகுது, எங்கயோ இறுகியிருக்கு இல்ல கேபிள் சிக்கியிருக்குன்னு அர்த்தம். மங்கவே இல்லன்னா பெரும்பாலும் பியூஸ், சுவிட்ச், ஒயர்தான், சில சமயம் மோட்டாருக்குள்ள சுத்துற பாகத்துக்கு கரண்ட் குடுக்குற கார்பன் பிரஷ். பிரஷ்ஷான்னு பாக்க சுவிட்ச அமுக்கிட்டே கதவுல ரெண்டு தட்டு தட்டுங்க, ஓடிச்சுன்னா அது பிரஷ்ஷா இருக்கலாம். மத்த மூணு கதவோட கண்ணாடிக்கும் கரண்ட் நெறைய வண்டியில டிரைவர்கிட்ட இருக்க மெயின் சுவிட்ச் வழியாத்தான் போகும், அந்த சுவிட்சுக்குள்ள பாயிண்ட் கருகிட்டா பின் சீட்டு கண்ணாடி நின்னுடும், நாம பின் கதவ நோண்டிட்டு இருப்போம். பின் கண்ணாடிய ஓடவிடாம நிறுத்துற விண்டோ லாக் பட்டன யாராவது அமுக்கி வச்சிருந்தாலும் இதேதான், சிரிக்காதீங்க, இதுக்காக பட்டறைக்கு வண்டி கொண்டு போனவங்க இருக்காங்க.

கர்ர்ருன்னு சத்தம் மட்டும் வருது, கண்ணாடி அசையல, இல்ல கதவுக்குள்ள பொத்துன்னு விழுந்துடுச்சுன்னா ரெகுலேட்டர் கேபிளோ பிளாஸ்டிக் கிளிப்போ போயிருக்கும், அப்ப மாத்தித்தான் ஆகணும். சென்னையில பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டையில பழசு கெடைக்கும், ஆனா இடது வலது பாத்து, கையோட பேட்டரி வச்சு ஓட்டிப் பாத்துட்டு வாங்குங்க.

பட்டறைக்காரங்கள மட்டும் திட்டவும் எனக்கு மனசு வரல. அரை மணி நேரம் உக்காந்து ஒயர தேடிக் கண்டுபிடிச்சவருக்கு முன்னூறு ரூவா கேட்டா "ஒரு ஒயர ஒட்டறதுக்கா?"ன்னு பேரம் பேசுறோம், அதே ஆளு பெட்டி பிரிச்சு புது மோட்டாரக் காட்டினா மறுபேச்சில்லாம நாலாயிரம் குடுக்குறோம். கண்டுபிடிக்கிற வேலைக்கு கூலியே இல்லன்னா அவங்க ஏன் கண்டுபிடிக்கணும், செட்டத் தூக்கிப் போட்டா வேலையும் முடிஞ்சுது, திரும்ப வந்து கத்த மாட்டோம்னு நிம்மதியும் ஆச்சு.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு கோவம் குறையல. டோர் பேடுக்கு உள்ள ஒட்டியிருக்க பிளாஸ்டிக் ஷீட்ட கிழிச்சு வீசிடுறாங்க. கண்ணாடி வழியா கதவுக்குள்ள மழைத்தண்ணி எப்பவுமே போகும், அது கீழ இருக்க ஓட்டை வழியா வெளிய போயிடும், அந்த ஷீட்டுதான் தண்ணிய பேடு பக்கம் வராம தடுக்குது. அது இல்லன்னா ஐப்பசி மழையில பேடு ஊறி உப்பி, ஸ்பீக்கர் போய், கார்பெட் நாறும். வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு திரும்ப ஒட்டச் சொல்லுங்க, முறைச்சாலும் பரவால்ல.

என் வண்டியில பின் இடது கண்ணாடி இன்னும் முக்கி முனகித்தான் ஏறுது. ஸ்ப்ரேக்கு மசியல, சேனல் ரப்பர் சொல்லி வச்சிருக்கேன், கெடைச்சதும் அண்ணன்கிட்டயே விடணும்.