பால் பல்தானே என்று விட்டுவிட முடியாது
'பால் பல் எப்படியும் விழப்போகிறது, சொத்தைக்கு வைத்தியம் எதற்கு' என்று நினைப்பது தவறு. முன்பற்கள் 6, 7 வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பற்கள் 10-12 வயது வரை இருக்க வேண்டியவை. சொத்தை வேர் வரை இறங்கிச் சீழ் கட்டினால் அடியில் வளரும் நிலைப்பல்லையும் கெடுக்கலாம். முன்கூட்டியே பிடுங்கினாலோ பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்.

குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவினாற்போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் ஆரம்பம். அந்தக் கட்டத்தில் பல்லைத் துளைக்காமலே சரிசெய்ய வாய்ப்புண்டு. சர்க்கரை போட்ட பால் புட்டியோடு தூங்க வைப்பதை முதலில் நிறுத்துங்கள். அப்புறம், ஃப்ளோரைடு பேஸ்ட் 3 வயதுக்குள் அரிசி அளவு போதும் (விளம்பரத்தில் பிதுக்குவது போல அல்ல). தருமபுரி மாதிரி தண்ணீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்த பகுதி என்றால் பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.