டப் போயிடுச்சாம், டப்!

ஒரு வாரமாக எங்கள் பால்கனி ஒரு குட்டி வேளச்சேரி. வாஷிங் மெஷினைப் போட்டு பத்து நிமிடம்கூட ஆகாது, அடியிலிருந்து தண்ணீர் கிளம்பி நேராகக் கீழ்வீட்டு மாமி காயவைத்த வடாம் மேல் சொட்டும். மாமி திட்டினால்கூடப் பரவாயில்லை, "ஒண்ணுமில்லப்பா, வடாம்ல லேசா சோப்பு வாசனை வருது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதுதான் தாங்கவில்லை.

கம்பெனிக்கு நாலு தடவை போன் போட்டு, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்லி, மூன்றாம் நாள் ஒருவர் வந்தார். பையைத் திறக்கவில்லை. மெஷினை ஓடவிட்டும் பார்க்கவில்லை. ஈரத் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், டப் சீல் போயிடுச்சு, பேரிங்கும் போயிருக்கும், டப் அசெம்பிளியே மாத்தணும், 7,800 ஆகும். பேசாம எக்ஸ்சேஞ்சுல புதுசு வாங்கிடுங்க." இதைச் சொன்னதற்கு ஜிஎஸ்டியோடு 590 ரூபாய்!

ஐயா, டிரம்மைத் தாங்கிச் சுற்றவிடும் பேரிங் போன மெஷின் ஸ்பின்னில் மாவு மில் மாதிரி கத்தும். என்னுடையது பூனை மாதிரி ஓடுகிறது. டப் என்பது டிரம்மைச் சுற்றியிருக்கும் தண்ணீர்த் தொட்டி; அதை ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் சீல் போனால் தண்ணீர் பின்பக்கம் நடுவிலிருந்து வழியும், எனக்கு வருவதோ முன்பக்கம். இதைப் பார்க்க ஐடிஐ படிக்க வேண்டாம், குனிந்தால் போதும்!

சரி, நாமே குனிவோம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். தரையைத் துடைத்து அடியில் பழைய பேப்பரை விரித்து, துணியே போடாமல் மெஷினை ஓடவிட்டு, போன் டார்ச்சோடு தரையில் படுத்துக்கொண்டேன். தண்ணீர் ஏறும்போது பின்னாலிருக்கும் இன்லெட் ஹோஸ் காய்ந்தே இருந்தது. சோப்பு டப்பாவும் அப்படித்தான். கதவு ரப்பரில் கிழிசல் இல்லை. டிரம் சுற்ற ஆரம்பித்ததும் கீழே வலது மூலையில் பேப்பர் மெல்லக் கறுத்தது. அங்கேதான் டிரெயின் பம்ப் ஃபில்டர், அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளும் பம்புக்கு முன்னாலிருக்கும் வடிகட்டி.

பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, தாம்பாளத்தை வைத்து ஃபில்டர் மூடியைத் திருகினேன். முதலில் சாக்கடைத் தண்ணீர், அப்புறம் ஒரு ரெண்டு ரூபாய் நாணயம், அப்புறம் அம்மா ரெண்டு மாதமாகத் தேடிய ஊக்கு. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தில்தான் விஷயமே. எங்கள் மடிப்பாக்கம் போர்வெல் தண்ணீரின் உப்பு அதில் சுண்ணாம்பு பூசின மாதிரி படிந்து, நடுவில் ஒரு நூல் கற்றை வேறு சிக்கி, மூடி மரையில் முழுசாக உட்காரவே இல்லை. அந்த இடுக்கு வழியாகத்தான் இத்தனை நாளும் ஒழுக்கு. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் வளையத்தையும் மரையையும் தேய்த்து, நேராக வைத்து இறுக்கினேன். அடுத்தடுத்து மூன்று லோடு போட்டாயிற்று, பேப்பரில் ஒரு சொட்டு இல்லை.

செலவு, வீட்டிலிருந்த ஒரு எலுமிச்சம்பழம். அந்த 590 ரூபாயை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது, அதில் இருபது கிலோ எலுமிச்சை வராவிட்டாலும் மாமிக்கு ஒரு வருடத்துக்கு வடாம் வாங்கிக் கொடுத்திருப்பேன். இன்று காலை போன் வருகிறது: "சார், உங்க டப் அசெம்பிளி ஸ்டாக் வந்துடுச்சு, எப்ப வந்து மாத்தலாம்?"