இரண்டு சொட்டு எண்ணெயும் 63 சிரிப்பும்

ஞாயிற்றுக்கிழமை நம் சைக்கிள் குரூப்பின் கே.ஆர்.பி. அணை ரைடில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் அந்த போட்டோ வந்து சேர்ந்திருக்கும். பிளஸ் ஒன் பையன் ஒருவனின் இலவச சைக்கிள் முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறேன், கையில் தையல் மிஷின் எண்ணெய் டப்பா. கீழே, "டெய்லர் கடை திறந்தாச்சு". 63 சிரிப்பு. ஆமாம், எண்ணினேன்.

சிரியுங்கள். எந்த எண்ணெய் என்று அப்புறம் சண்டை போடலாம். போட்ட பிறகு துடைத்தீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

செயினில் தேய்வது உள்ளே இருக்கும் பின்னும் ரோலரும். எண்ணெய் அங்கே இறங்க வேண்டும். வெளியே பளபளவென்று நிற்கிற எண்ணெய் தூசி பிடிக்கத்தான் உதவும். கிருஷ்ணகிரி தூசி என்ன சாதாரணத் தூசியா? கல் லாரி ஒன்று தாண்டிப் போனால் பல்லில் நறநறக்கிற கிரானைட் தூசி. எண்ணெயில் அது குழைந்தால் செயினுக்கு உப்புத்தாள் போட்ட மாதிரி. அதனால்தான் சொல்கிறேன், துடையுங்கள்.

காவேரிப்பட்டணத்தில் என் மாமா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளி லீவு முழுக்க நான் அங்கேதான். டப்பாவைச் செயின் மேல் கவிழ்க்க விடமாட்டார். பழைய சக்கரத்துப் போக்ஸ் கம்பியை எண்ணெயில் முக்கி, நுனியில் தொங்கும் சொட்டை ஒவ்வொரு ரோலரிலும் தொட்டு வைக்க வேண்டும். பெடலைப் பின்னால் சுற்றிச் சுற்றி உள்ளே இறக்கி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வேட்டித் துணியால் செயினை இறுக்கிப் பிடித்துத் துடைக்க வேண்டும். ஒருமுறை துடைக்காமல் விட்டேன். அந்த வண்டியை எடுத்தவர் கல்யாணத்துக்குப் போகிற பெரிய மனிதர், வெள்ளை வேட்டி. மாமா அடிக்கவில்லை. வேட்டியை என்னையே துவைக்க வைத்தார்.

"ஸ்ப்ரே அடித்தால் முடிந்தது, எதற்கு இந்தக் கூத்து?" என்பீர்கள். டபிள்யூடி-40 என் வீட்டிலும் இருக்கிறது. 1953இல் அமெரிக்காவில் ராக்கெட் உடம்பு துருப்பிடிக்காமலிருக்கச் செய்தது. தண்ணீரை விரட்டுவது, 40ஆவது முயற்சி, அதுதான் பெயரே. இறுகிப்போன நட்டுக்கு அருமை. செயினில் நாள்பட நிற்காது. அந்தக் கம்பெனியே செயினுக்கென்று தனி எண்ணெய் விற்கிறதே, எதற்காம்?

"தையல் மிஷின் எண்ணெய் மழைக்குத் தாங்காது." சரி, தாங்காது. ஐப்பசியில் கெட்டியான எண்ணெய்தான் நல்லது. மழை விட்டதும் நான் மறுபடி இரண்டு சொட்டு விட்டுக்கொள்கிறேன், உங்களுக்கென்ன?

"எங்கள் தாத்தா பட்டறைக் கழிவு ஆயில்தான் போட்டார்." அதில் இரும்புப் பொடி இருக்கும், சாமி. தேங்காய் எண்ணெய்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: மார்கழியில் ஓசூர்ப் பக்கம் பாட்டிலிலேயே உறைகிற சாமான் செயினில் மட்டும் ஓடுமா? (சக்கர அச்சில் உருளும் பால்ரஸ் குண்டுகளுக்கு கிரீஸ். அதில் எனக்கு யாரோடும் தகராறு இல்லை.)

இறக்குமதி பாட்டில் வைத்திருக்கும் நண்பரே, உங்கள் எண்ணெய் நல்ல எண்ணெய்தான். ஆனால் உங்கள் செயினைப் பார்த்தேன். கறுப்புக் களி மாதிரி அப்பியிருக்கிறது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைத் துடைக்க மனசு வரவில்லையோ என்னவோ.

எண்ணெயை விடுங்கள். அந்தப் பையன் "அண்ணா, செயின் கத்துது" என்று முதலில் உங்களிடம்தான் வந்தான். "தம்பி, வண்டியைத் தள்ளி நிறுத்து, போட்டோ எடுக்கணும்" என்றீர்கள். அவன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நான் டப்பாவையே எடுத்தேன். அது எந்த போட்டோவிலும் இல்லை. திரும்பும்போது அவன் செயின் கத்தவில்லை, அதையும் யாரும் எழுதவில்லை. வயதானவன் உட்கார்ந்திருப்பதுதான் சிரிப்பாக இருந்திருக்கிறது.

குரூப்பிலிருந்து நானே வெளியே வந்துவிட்டேன், யாரும் சமாதானம் பேச வேண்டாம். போட்டோ எடுத்தவர் அன்றைக்குக் கை துடைக்க என் பையிலிருந்து உருவிய வேட்டித் துணியை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.