வெள்ளைக் காலனி மட்டும் சான்றாகாது
பாக்டீரியாவில் மரபணுவைச் செருகிப் பார்க்கும் நீல-வெள்ளைச் சோதனையில், வெள்ளைக் காலனி (தட்டில் வளரும் வெள்ளை பாக்டீரியாத் திரள்) தெரிந்தாலே நாம் செருகிய மரபணு சரியாக அமைந்துவிட்டது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நாகர்கோவிலில் செய்முறைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இதைப் பகிர்வதால் பணிவுடன் திருத்துகிறேன். தட்டில் சேர்க்கும் எக்ஸ்-கால் என்ற வேதிப்பொருள் நீலமாகவில்லை என்றால், பிளாஸ்மிடில் (மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவில்) நாம் மரபணுவைச் செருகும் இடமான, நீல நிறம் உண்டாக்கும் நொதிக்குத் தேவைப்படும் லாக்-இசட் ஆல்ஃபா பகுதி செயல்படவில்லை என்பது மட்டுமே பொருள். வேறொரு டிஎன்ஏ துண்டு நுழைந்தாலும், வெட்டிய முனைகள் சிதைந்து வாசிப்புச் சட்டகம் (டிஎன்ஏ எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படும் ஒழுங்கு) பிறழ்ந்தபடி ஒட்டிக்கொண்டாலும் காலனி வெள்ளையாகவே இருக்கும். ஐயமுள்ளவர்கள், செருகல் துண்டு சேர்க்காமல் வெட்டி ஒட்டிய பிளாஸ்மிடை மட்டும் செலுத்திய பாக்டீரியாவை ஒரு தட்டில் வளர்த்துப் பாருங்கள், அதிலும் சில வெள்ளைக் காலனிகள் தென்படுவதுண்டு. செருகலின் நீளத்தைக் காலனி பிசிஆர் (காலனியிலிருந்தே அந்த டிஎன்ஏ பகுதியைப் பலபடி பெருக்கும் சோதனை) காட்டும். அது நாம் விரும்பிய மரபணுதானா, பிழையின்றி இருக்கிறதா என்பதை டிஎன்ஏ வரிசையைப் படித்தே உறுதிசெய்ய முடியும்.