நாலு வரிக்கு 12 வருஷமா?

நேற்றைய வீடியோ கூட்டத்தில் நடந்தது பற்றித்தான். இருந்தவர்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். "ஒரு மெசேஜுக்கு மேலே நாலு வரி எப்படி இருக்கணும்னு பேச 12 வருஷமா? வேலைவெட்டி இல்லாதவங்க" என்றார் நண்பர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

கணக்கு சரிதான். யூஸ்நெட் என்பது சர்வர்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் பழைய கலந்துரையாடல் வலை. அதன் செய்தி வடிவத்துக்கு 1987-ல் வந்தது ஆர்.எஃப்.சி (இணைய விதி ஆவணம்) 1036. அதைப் புதுப்பிக்க, இணைய விதிகளை வகுக்கும் அமைப்பான ஐ.ஈ.டி.எஃப் 1997-ல் குழு போட்டது. அந்தக் குழுவின் ஆர்.எஃப்.சி 5536 வெளிவந்தது 2009-ல். சரி, அந்த நாலு வரி என்ன என்று சிரித்தவர்களில் யாராவது பார்த்தீர்களா?

ஒவ்வொரு செய்திக்கும் மெசேஜ்-ஐடி உண்டு. இன்னொரு செய்திக்கு அதே அடையாளம் இருக்கக் கூடாது. பதில் எழுதினால் ரெஃபரன்சஸ் வரியில் மூலச் செய்தியின் அடையாளம் வர வேண்டும். நடுவில் தலைமை சர்வர் எதுவும் இல்லை. பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வந்து சேரலாம். முகம் பார்க்காத இரண்டு பேர் எழுதிய மென்பொருள்கள், எது எதற்குப் பதில் என்று அந்த ஒரு வரியை வைத்துத்தான் கண்டுபிடிக்கின்றன. பேச்சு என்பதே அந்த வரிதான் ஐயா!

எனக்கு இது படித்துத் தெரிந்ததில்லை, பட்டுத் தெரிந்தது. செய்தி படிக்க நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ரெஃபரன்சஸை விட்டுவிட்டேன், தலைப்பு ஒன்றாக இருந்தால் போதாதா என்ற நினைப்பு. 'ஒரு செய்தி' என்ற தலைப்பில் ஒருவர் வேலை கிடைத்ததை எழுதியிருந்தார். "மிக்க மகிழ்ச்சி, வாழ்த்துகள்!" என்று பதில் போட்டேன். அதே வாரம் இன்னொருவர், அதே தலைப்பில், அப்பா இறந்ததை எழுதியிருந்தார். பலருடைய திரையில் என் வாழ்த்து அவருக்குக் கீழே போய் உட்கார்ந்தது. பதிலுக்கு அந்த வரி கட்டாயம் என்று 1987 ஆவணமே சொல்கிறது. நான்தான் படிக்கவில்லை.

"இப்ப யாருங்க யூஸ்நெட் பார்க்கிறாங்க?" என்பீர்கள். மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் பதில் போடுகிறீர்களே, அதன் சர்வர்கள் பேசிக்கொள்ளும் விதிமுறையான ஆக்டிவிட்டிபப், 2018-ல் டபிள்யூ3சி என்ற வலைத் தர அமைப்பின் பரிந்துரையானது. அதிலும் இன்-ரிப்ளை-டு என்று ஒரு புலம் இருக்கிறது. அதே வரி, வேறு சட்டை.

"புது விதி வருவதற்குள் யூஸ்நெட்டில் ஆட்களே போய்விட்டார்களே?" ஆமாம், தாமதம்தான். யூஸ்நெட் மென்பொருள் எழுதிய ஹென்றி ஸ்பென்சர் அதே செய்தி வடிவத்துக்கு 1994-ல் எழுதிய வரைவு 2010-ல்தான் ஆர்.எஃப்.சி எண் வாங்கியது. ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வேலைவெட்டி இல்லாதவர்களா?

நாலு வரியில் ஒன்றான தலைப்பையே எடுங்கள். மின்னஞ்சலில் தமிழ்த் தலைப்பை ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள் மட்டும்) வேடத்தில் அனுப்ப ஒரு விதி: ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லா மொழி எழுத்தையும் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் கணக்கு. அந்தப் பைட்டுகளை ஆஸ்கி எழுத்துகளாக்கும் பேஸ்64 முறையில் மாற்றினால் ஒரு துண்டில் 15 குறிதான் அடங்கும். ஒரு குறியின் பைட்டுகளை நடுவில் வெட்டாதே என்றும் விதி இருக்கிறது. அதை மதிக்காத மென்பொருள் அனுப்பும்போதுதான் தலைப்பில் கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி முளைக்கிறது. அப்போது மட்டும் "தமிழை மதிக்கிறதில்லை" என்று பொங்குகிறோம். மதிக்கச் சொல்லி விதி எழுதியவர்களும் நேற்று நாம் சிரித்த ஆட்களைப் போன்றவர்கள்தான்.

நானும் ஒரு வரைவுக்கு மூன்று வாரம் உட்கார்ந்து கருத்து எழுதினேன். நன்றிப் பட்டியலில் பெயர்கூட வரவில்லை. அதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

அப்புறம் நண்பரே, ராத்திரி நீங்கள் எனக்கு அனுப்பிய "ஆமா, கரெக்ட்" எந்தச் செய்திக்குப் பதில்?