முந்தாநாள் கணக்கு

(பெர்லினில் ஈழத்தமிழர் ஒருவரின் மளிகைக் கடை. கல்லாவில் தவராசா. எதிரே, இந்த நகரத்துக்கு வந்து மூன்று வாரமே ஆன கும்பகோணத்து முரளி.)

முரளி: அண்ணா, வீடு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அறை, மாதம் 700 யூரோ. விளம்பரத்தில் வாடகைக்குப் பக்கத்தில் 'கால்ட்' என்று போட்டிருந்தது. அகராதியைப் பார்த்தால் குளிர் என்று பொருள். வீட்டில் ஹீட்டர் இல்லாததால்தான் இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. அதற்கெல்லாம் நான் அஞ்சவில்லை. அம்மா இரண்டு கம்பளிச் சட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவேன்.

தவராசா: தம்பி, அங்கே குளிர்வது வீடு இல்லை, வாடகை. சுவருக்கும் கூரைக்கும் மட்டும் கொடுக்கிற தொகையைக் குளிர் வாடகை என்பார்கள். அதன் மேல் தண்ணீர், குப்பை, படிக்கட்டு துடைப்பவரின் கூலி, வீட்டைச் சூடாக்கும் செலவு எல்லாவற்றையும் ஏற்றினால் வருவது வெப்ப வாடகை. மின்சாரம் பெரும்பாலும் அதிலும் சேராது. அதற்கு நீர் தனியாக ஒப்பந்தம் போட வேண்டும்.

முரளி: அப்படியானால் அந்த 700?

தவராசா: 900க்குப் பக்கத்தில் போய் நிற்கும். கேட்டவுடன் உமக்கு உடம்பு சூடாகிறதே, அதனால்தான் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

முரளி: போகட்டும். இரண்டு படுக்கையறை இருப்பதால், ஒன்றில் நண்பன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு பாதி வாடகையை அவன் தலையில் போட்டுவிடலாம்.

தவராசா: இரண்டு படுக்கையறை என்று யார் சொன்னது? இரண்டு அறை என்றால் கூடத்தையும் சேர்த்து இரண்டே அறைதான். சமையலறையையும் குளியலறையையும் எண்ண மாட்டார்கள்.

முரளி: எண்ணாவிட்டாலும் சமையலறை இருக்குமல்லவா?

தவராசா: இருக்கும், அதற்குள் ஒன்றும் இருக்காது. அடுப்பு, அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி அனைத்தையும் பழைய குடித்தனக்காரர் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். சுவரிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கழற்ற அலுப்புப்பட்டவராக இருந்தால், ஆயிரம் இரண்டாயிரம் யூரோ விலை சொல்லி அதை உம் தலையில் கட்டிவிட்டுப் போவார். விளக்குகளும் இப்படித்தான். அண்ணாந்து பார்த்தால் இரண்டு மின்கம்பி தொங்கும்.

முரளி: இருட்டுக்கும் கம்பளிச் சட்டைதான் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

தவராசா: சட்டையை எடுத்து வையும், நீர் இன்னும் வீட்டுக்குள்ளேயே போகவில்லை. போய்ப் பார்த்தீரா?

முரளி: பார்த்தேன். தெருமுனை வரை நின்ற வரிசையைக் கண்டதும் ஏதோ ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அத்தனை பேரும் அந்த ஒரு வீட்டுக்கு வந்தவர்கள். எல்லார் கையிலும் தடித்த கோப்பு ஒன்று இருந்தது. என்னிடம் மங்கலத்துக்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த ஓர் எலுமிச்சம்பழம் மட்டுமே இருந்தது.

தவராசா: அதன் நகலைக் கேட்டிருப்பார்களே.

முரளி: மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்டார்கள். நான் வந்தே மூன்று வாரம்தான் ஆகிறது என்றேன். சரி, கடன் நாணயச் சான்றைக் கொடுங்கள் என்றார்கள். அதற்கு இங்கே வங்கிக் கணக்கு வேண்டுமாம். நான் போன வங்கியிலோ முகவரியைப் பதிந்த தாள் இருந்தால்தான் கணக்கு என்றார்கள். பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார் மிகவும் அன்பாக, "நீங்கள் வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள், வீடு கொடுத்தவரின் கையெழுத்தோடு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தவராசா: பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

முரளி: எங்கள் ஊர்ப் பைத்தியத்துக்காவது பெண் பார்க்க வருவார்கள், அண்ணா. இவர்கள் நேற்று வந்தவனிடம் முந்தாநாள் கணக்கைக் கேட்கிறார்கள். கடைசியாகக் கேட்ட தாள்தான் என்னைக் கவிழ்த்துவிட்டது. வாடகை பாக்கி ஏதும் இல்லை என்று முந்தைய வீட்டு உரிமையாளர் எழுதித் தர வேண்டுமாம். என் முந்தைய வீட்டு உரிமையாளர் என் அப்பா.

தவராசா: எவ்வளவு பாக்கி?

முரளி: 26 ஆண்டு. ஆனாலும் அப்பா பெருந்தன்மையோடு, என் மகன் எனக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது: "மதிப்பிற்குரிய திரு. சுப்பிரமணியன், உங்களுக்கு நீங்களே எழுதிக்கொண்ட சான்றிதழை ஏற்பதற்கில்லை."

தவராசா: சுப்பிரமணியன் யார்?

முரளி: அப்பா. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் அப்பா பெயரை எழுதினோம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஓர் எழுத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பிறந்தவர்கள் நாம். இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து அலுவலகம், மருத்துவமனை எங்கே போனாலும் என்னை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் திரும்பிப் பார்த்து அப்பாவைத் தேடுகிறேன்.

தவராசா: இன்னும் கேளும். இங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் வீட்டுக்கு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். ஆகவே எப்படியோ வீடு கிடைத்தாலும் அதில் குடியிருக்கப் போகிறவர் உம்முடைய அப்பாதான்.

முரளி: அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதே!

தவராசா: கம்பளிச் சட்டையை அவரிடம் கொடும்.

முரளி: நீங்கள் வந்த காலத்திலும் இத்தனை தாள் கேட்டார்களா?

தவராசா: நான் வந்தது 1984இல். கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிஷ் தெரு நிலையத்தில் ரயில் பிடித்தால் மேற்கு பெர்லின். சுவர் கட்டிய ஊருக்குள் எங்கள் ஆட்கள் பலர் நுழைந்தது அந்த வழியாகத்தான். விடுதியில் ஓர் அறைக்கு ஆறு பேர். முந்தைய வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வா என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், கொழும்பு வெள்ளவத்தையில் 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்த வீட்டுக்கு நான் யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது?

(முரளி துவரம்பருப்புப் பொட்டலம் ஒன்றை எடுத்து, அதன் விலையைச் சற்று நேரம் படிக்கிறான்.)

தவராசா: அதை வாங்குவதென்றால் வாங்கும், இல்லையென்றால் கீழே வையும்.

முரளி: இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொள்வேன், அண்ணா. நான் கிளம்பும்போது அந்த வீட்டுக்காரர், "நீங்கள் மசாலா நிறையப் போட்டுச் சமைப்பீர்களா? வாசனை சுவரில் ஏறிவிடும்" என்று கேட்டாரே, அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஒருவன் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்த்தா வீடு கொடுப்பது?

தவராசா: அடுப்பே இல்லாத வீட்டுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் அதிகம்தான். அது கிடக்கட்டும். ஊரில் உம் அப்பாவின் மாடி காலியாக இருக்கிறது என்று போன வாரம் சொன்னீரே, யாரும் வந்தார்களா?

முரளி: வந்தார்கள். ஆனால் வாசலில் 'சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்று பலகை மாட்டியிருக்கிறார். அதாவது, அது வேறு விஷயம்.

தவராசா: நான் ஒன்றும் சொல்லவில்லையே.

முரளி: போன மாதம் வந்தவர் அரசு ஊழியர்; பத்து மாத முன்பணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அப்பா அவரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டார், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார், பிறகு வெளியூரிலிருந்து உறவினர் குடிவரப்போகிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தவராசா: உறவினர் வந்துவிட்டாரா?

முரளி: மாடி இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.

தவராசா: இங்கே மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கச் சட்டம் விடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். எந்தத் தெரு என்று கேட்பதற்குத் தாள் எதுவும் தேவைப்படாது போலும். சரி, நீரே போய் அந்த மாடியைக் கேட்டால் கிடைக்குமா?

முரளி: கல்யாணம் ஆகவில்லை, முட்டை வேறு சாப்பிடுகிறேன். எனக்குக் கொடுக்க மாட்டார்.

தவராசா: ஏன், நீர்தானே சுப்பிரமணியன்? உமக்கு நீரே கொடுத்துக்கொள்ளும்.

முரளி: சிரிக்காதீர்கள், அண்ணா. நான் தங்கியிருக்கும் விடுதி அறையை வெள்ளிக்கிழமை காலி செய்ய வேண்டும்.

தவராசா: என் மகள் படிக்கப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் நேற்றே எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டேன். முகவரிப் பதிவுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். சம்பளச் சீட்டும் வேண்டாம், அப்பாவின் கடிதமும் வேண்டாம். முட்டையை மட்டும் சட்டியில் தீய விடாதேயும். மாதம் 350 யூரோ.

முரளி: குளிரா, வெப்பமா?

தவராசா: வாடகை வெப்பம்தான், தம்பி. அறைதான் குளிர், ஹீட்டர் போன மாதம் பழுதாகிவிட்டது.