முள் சிவப்பில் நின்றால் ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?

"சாவி போட்டதும் வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறினால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. இதை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சின் ஒரே நொடியில் கொதிக்காது. அது மின்கோளாறு.

பழைய கார்கள் பலவற்றில் எஞ்சினின் வெப்பத்தை அளக்கும் சென்சார் சூடாகும்போது அதன் மின்தடை குறையும், முள் ஏறும். எனவே சென்சாரிலிருந்து மீட்டருக்குப் போகும் வயரின் உறை தேய்ந்து எஞ்சின் உலோகத்தைத் தொட்டாலே முள் உச்சிக்குப் போய்விடும். ஒற்றை வயர் சென்சார் என்றால் அந்த வயரைச் சென்சாரிலிருந்து கழற்றிப் பாருங்கள். முள் இறங்கினால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். இறங்காவிட்டால் வயரையோ மீட்டரையோ பார்க்க வேண்டும். 1970களின் பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல் முள்ளும் சேர்ந்து மிகையாகக் காட்டினால், இரண்டுக்கும் சுமார் 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசரின் எர்த் இணைப்பை முதலில் சோதியுங்கள்.

ஓடும்போது முள் படிப்படியாக ஏறினால் கதை வேறு. உடனே நிறுத்துங்கள், எஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வற்றிவிட்டால் சென்சார் அதில் மூழ்காமல் முள் குறைவாகவும் காட்டக்கூடும்.